இரட்சணிய சேனையில வளந்தவ ஞானஸ்நானம் எடுக்க எப்படி ஆயத்தமாகணும்?

குழித்துறைக்காரி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எனக்கு 26 வயசு, எங்க தாத்தா காலத்துலயிருந்தே நாங்க இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) சபை. இப்ப எனக்க கல்யாணம் கேரளா பக்கம் பாறசாலைல ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்துல பேசி முடிச்சிருக்கு. அங்கத்த பாஸ்டர் ஞானஸ்நான சர்டிபிகேட் கேட்டாவ, அம்மை பீரோவெல்லாம் கொட்டிக் கவுத்துத் தேடுனா, கடைசில அப்பா வந்து சேனையில தண்ணி ஞானஸ்நானமே கிடையாது, உன்னய கொடிக்குக் கீழ வச்சு பிரதிஷ்டை பண்ணுனதுதான்னு சொன்னாவ. எனக்கு இத்தன வருசம் இது தெரியவே தெரியாது.

இப்ப ஆறு வாரம் கிளாஸுக்கு வரச்சொல்லியிருக்காவ. நான் வேதம் வாசிக்கிறவதான், ஜெபிக்கிறவதான், ஆனா கல்யாணத்துக்காக எடுக்கேனோன்னு மனசு உறுத்துது. பெந்தெகோஸ்து சபைக்குப் போற சித்தி மவ தலைல தண்ணி ஊத்துனா செல்லாது, முங்கித்தான் எடுக்கணும்னு சொல்லுதா. அப்பா ஒண்ணும் பேசல, ஒரே ஒரு தடவ மட்டும் "அப்ப இதுவரை நீ கிறிஸ்தவ இல்லியா மக்ளே"ன்னு கேட்டாவ, அதுக்கு எனக்குப் பதிலே வரல. யாராவது அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

மார்த்தாண்டம் டீச்சர்:
மக்ளே, முதல்ல அப்பாவ தேத்து. சேனை தண்ணிய வெறுத்து விடல. 1883லயே அவங்க ஞானஸ்நானம், திருவிருந்து ரெண்டையும் ஆராதனைல நடத்துறத நிறுத்திட்டாங்க, உள்ளத்துல நடக்குறதுதான் முக்கியம், வெளிச்சடங்க நம்பி ஆளுங்க நின்னுரக்கூடாதுங்கறது அவங்க பயம். ஆனா சேனைக்காரர் ஒருத்தர் வேற சபைல போய் எடுத்தா தடுக்கறதும் இல்ல. அதனால நீ எடுத்தா அப்பா தந்தத தூக்கி எறிஞ்சதா ஆவாது. அவரு ஊட்டுன விசுவாசத்தத்தான் நீ சபை முன்னால வாய்திறந்து சொல்லப்போற, அத இப்படியே அவருகிட்ட போய் சொல்லு.

நான் 20 வருசமா ஞாயிறு பள்ளி எடுக்கேன், இந்த கிளாஸுக்கும் ஒத்தாசைக்கு நிப்பேன். விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், பத்துக் கற்பனை இதெல்லாம் உனக்கு மனப்பாடமா இருக்கும், அதுல பயமில்ல. ரோமர் 6ஆம் அதிகாரத்த மட்டும் வாரம் முழுக்க வாசி, கிறிஸ்துவோட அடக்கம்பண்ணப்பட்டு புது ஜீவனுள்ளவங்களா நடக்கறதுன்னா எனக்க வாழ்க்கைல என்ன, எத விடணும், யாருகிட்ட மன்னிப்பு கேக்கணும்னு ஒரு நோட்டுல எழுது. அன்னைக்கு தீமைய விட்டு விலகுறியா, கிறிஸ்துவ கர்த்தரா ஏத்துக்கிறியான்னு கேட்பாங்க, நீ சொல்லுற "ஆம்" அந்த நோட்டுலயிருந்து வரணும். கல்யாணத்துக்காகவான்னு உறுத்துதுன்னா அத பாஸ்டர்கிட்டயே தனியா சொல்லிரு, ஒளிச்சு வைக்காத. கல்யாணம் நின்னுபோனாலும் நான் எடுப்பேனான்னு உனக்குள்ள கேட்டுப்பாரு. பெரியவங்களுக்கு திடப்படுத்தலும் (கன்ஃபர்மேஷன்) இதோட சேர்ந்து வரலாம், அதையும் விசாரி.

நெய்யாற்றங்கரை சகோ:
சகோதரி, நான் பெந்தெகோஸ்து, அதனால உங்க சித்தி மக பக்கம்தான் நிப்பேன், ஆனா அந்த பிள்ளை சொல்லுற மாதிரி அடிச்சு சொல்ல மாட்டேன். கிரேக்கத்துல ஞானஸ்நானங்கற வார்த்தைக்கே முக்குறதுன்னுதான் அர்த்தம், அயினோன்ல தண்ணி மிகுதியா இருந்ததாலதான் யோவான் அங்க கொடுத்தார்னு யோவான் 3:23ல இருக்கு, அப்போஸ்தலர் 8ல எத்தியோப்பிய மந்திரியும் பிலிப்பும் ரெண்டுபேரும் தண்ணிக்குள்ள இறங்குனாங்க. அடக்கம்னா மேல மண்ணு தூவுனா போதாதே, அதான் நாங்க முழுக்குறோம். சிஎஸ்ஐ முறைமைலயும் முழுக்கு கொடுக்கலாம், பாஸ்டர்கிட்ட கேளுங்க. குழித்துறை ஆத்துல கேட்டீங்கன்னா மழைக்காலத்துல வேண்டாம், இழுப்பு ஜாஸ்தி, மணல் அள்ளுன குழி எங்க இருக்குன்னும் தெரியாது, தெரிஞ்சவங்க இறங்கிப் பாத்த இடமா இருக்கணும். கனமான டார்க் சுடிதார் போடுங்க, வெள்ளை நனைஞ்சா சங்கடம். மாத்துத்துணி, துண்டோட அக்கா யாராவது கரையில நிக்கட்டும்.

கோட்டாறு வாசி:
நான் இந்து குடும்பத்துலருந்து வந்து கத்தோலிக்கத்துல பாஸ்கா இரவுல (ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி) திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், வாங்குனவன், ஒரு வருசத்துக்கு மேல ஆயத்தம், தவக்காலம் முழுக்க கடைசிகட்டம். தண்ணி எவ்வளவுங்கற சண்டைக்கு ஒண்ணு சொல்றேன். ஆதி சபைல எழுதுன திதகேங்கற நூல்ல ஓடுற தண்ணில கொடு, இல்லன்னா வேற தண்ணில கொடு, குளிர்ந்தது முடியலன்னா வெந்நீர், எதுவுமே போதுமானது இல்லன்னா தலைல மூணுதரம் ஊத்துன்னு இருக்கு. அப்பவே ரெண்டும் இருந்திருக்கு தங்கச்சி. அதுலயே எடுக்கறவங்க ஒருநாளோ ரெண்டுநாளோ உபவாசம் இருக்கணும்னும் இருக்கு, நான் இருந்தேன், நீயும் இரு, அந்த பசிதான் எனக்கு கிளாஸ்ல வராத அமைதிய தந்துது.

நம்ம தேவசகாயம் பிள்ளை திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகஸ்தர், திருவிதாங்கூர் படைல இருந்த டச்சுக்காரர் டிலனாய் சொல்லக்கேட்டு நம்பி, 1745ல வடக்கன்குளம் போய் திருமுழுக்கு வாங்குனார். லாசருங்கற பேரத்தான் தமிழ்ல தேவசகாயம்னு வச்சாங்க. 1752ல ஆரல்வாய்மொழி பக்கம் காத்தாடிமலைல சுட்டுக்கொன்னாங்க. ஏழு வருசத்துல உயிரையே கேட்ட "ஆம்" அது. நான் கிளாஸுக்குப் போற நாள்ல அந்த மலைக்கு ஒருதடவ போயிருந்தேன், உனக்கும் பக்கம்தானே.

குழித்துறைக்காரி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டீச்சர், நீங்க சொன்னத அப்படியே அப்பாகிட்ட சொன்னேன். கொஞ்சநேரம் சும்மா இருந்துட்டு ரோமர் 6 எடுத்து அவரே சத்தமா வாசிச்சாவ. கல்யாணம் நின்னாலும் எடுப்பேனான்னு ரெண்டு ராத்திரி யோசிச்சேன், எடுப்பேன். அத பாஸ்டர்கிட்டயும் சொல்லிட்டேன், அவங்க கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் முன்னாலயே தனியா வச்சுக்கலாம்னு சொல்லியாவ, முழுக்குக்கும் சம்மதம். அங்க ஆராதனை மலையாளத்துல, அவங்க ஸ்நானம்னுதான் சொல்லுவாவ, எனக்கு பேச வரும் வாசிக்க வராது, அதனால கேள்வி பதில் மட்டும் எனக்காக தமிழ்ல வைக்கேன்னாவ. கரையில துண்டோட நிக்க சித்தி மவளயே கூப்பிட்டிருக்கேன். அப்பா சேனை யூனிபார்ம் போட்டு வரலாமான்னு கேக்காவ, வரச்சொல்லியிருக்கேன்.