15 வயதுப் பெடியள்: ஆருக்கு எந்த இடம்?

கேள்வி: கிளிநொச்சிப் பக்கம் உதைபந்தாட்ட அணி. உயரமான பெடியனை இப்பவே சென்டர் பேக் (கோலுக்கு முன்னால நடுவில நிண்டு தடுக்கிறவன்) எண்டு முடிவாக்கலாமோ?

பதில் 1: அவசரப்படாதேங்கோ தம்பி. 13 வயதில முந்தி வளந்தவன் பிறகு வளராமல் நிண்டுடலாம். பிந்தி வளருறவன் 17இல அவனைத் தாண்டியும் போகலாம். மூண்டு மாதத்துக்கொருக்கா நிண்டபடி உயரம், கதிரையில இருந்தபடி உயரம், நிறை மூண்டையும் அளந்து எழுதுங்கோ. கால் கிடுகிடுவெண்டு நீளேக்க பந்துக்கட்டுப்பாடு குழம்பலாம், முழங்காலும் நோகலாம். அதுக்காக ஆளைக் கழிச்சுப்போடாதேங்கோ. பிறந்த மாதத்தையும் பாருங்கோ: ஒரே வருசத்தில தையில பிறந்தவன் மார்கழியில பிறந்தவனைவிட கிட்டத்தட்ட ஒரு வருசம் மூப்பு.

பதில் 2: அண்ணை சொன்னது சரி. இன்னொண்டு, பந்து வரமுதல் எத்தினைதரம் திரும்பிப் பாக்கிறான் எண்டு எண்ணுங்கோ. அடிக்கடி பாக்கிறவனை நடுக்களத்தில விடலாம். மாரிச் சேத்துக்குள்ள தெரிவு வைக்காதேங்கோ. பந்து உருளாது, கெட்டிக்காரனும் மக்காத் தெரிவான்.

பதில் 3: இடக்காலன் இருந்தால் லெப்ட் பேக்கிலயும் (இடப்பக்கத் தடுப்பிலயும்) விட்டுப்பாருங்கோ. அப்பிடியானவங்கள் குறைவு.