தலைமையாசிரியரைக் கட்டிப்போட்ட வீடியோ கால்

நான் வங்கியில் கவுன்டர் வேலை பார்க்கிறேன். போன வருடம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எஃப்.டி. எல்லாவற்றையும் உடைத்து, முன்பின் தெரியாத ஒரு கணக்குக்கு ஆர்.டி.ஜி.எஸ். முறையில் பணம் அனுப்ப வந்தார். "எதுக்கு சார் இவ்வளவு அவசரம்?" என்றேன். "பையன் நிலம் வாங்கறாம்மா" என்றவருக்குப் பேனா பிடிக்கக் கை நிற்கவில்லை. சட்டைப் பையிலிருந்த போனில் கால் ஓடிக்கொண்டே இருந்தது.

"சார், யாராவது மிரட்டறாங்களா? இது மோசடியா இருக்கும்" என்று நான் தணிந்த குரலில் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. மேனேஜர் அறைக்குள் கூட்டிப்போய், போனை அணைக்க வைத்து, "டிஜிட்டல் கைதுன்னு சட்டத்துலயே ஒண்ணு கிடையாது சார்" என்று மேனேஜர் சொன்ன பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. வீடியோ காலில் காக்கிச் சட்டை, பின்னால் சி.பி.ஐ. சின்னம். ஆதாரை வைத்துப் பண மோசடி வழக்காம். கேமராவை விட்டு நகரக் கூடாது, மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது என்று உத்தரவாம்.

"படித்தவர் எப்படி ஏமாந்தார்?" என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. 2024இல் வர்தமான் ஜவுளிக் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலிடமே, உச்ச நீதிமன்ற விசாரணை என்று போலி நீதிபதியைக் காட்டி 7 கோடி ரூபாய் பறித்தார்களே!

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1961இல் தொடங்கிய சோதனைகளில், ஆய்வாளர் சொன்னார் என்பதற்காகவே 40 பேரில் 26 பேர் அடுத்தவருக்கு 450 வோல்ட் வரை மின்சாரம் கொடுத்தார்கள். மின்சாரம் போலி, ஆனால் அது அவர்களுக்குத் தெரியாது. அதே சோதனையில் இரண்டு ஆய்வாளர்களை உட்கார வைத்து, ஒருவர் "தொடருங்கள்", மற்றவர் "நிறுத்துங்கள்" என்று சொன்னபோது ஒருவர்கூடக் கடைசி வரை போகவில்லை. இந்த மோசடிக்காரர்கள் யாரிடமும் பேசவிடாமல் வைத்திருப்பது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். மறுத்துச் சொல்ல இன்னொரு பெரிய மனிதர் வந்துவிட்டால் பிடி விட்டுப்போகும்.

நான் சொல்லிக் கேட்காதவர் மேனேஜர் சொல்லிக் கேட்டார். அந்த நாற்காலிக்குத்தான் மரியாதை. பணம் தப்பியதில் நிம்மதிதான், ஆனாலும் அது இன்னும் உறுத்துகிறது. சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைத்துப் புகார் கொடுக்க வைத்தோம். அப்போதும் அவர், "என் மேல கேஸ் இல்லைன்னு எழுதிக் கொடுப்பீங்களா சார்?" என்று மேனேஜரிடம் கெஞ்சினார்.

இப்போது வயதானவர்கள் யார் எஃப்.டி. உடைக்க வந்தாலும், முதலில் வீட்டில் ஒருவரிடம் எங்கள் எதிரிலேயே பேசச் சொல்கிறோம். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். பரவாயில்லை.