குளியலறைக்குள் கேஸ் கீசர்: ஓசூரிலும் தருமபுரியிலும் நாங்கள் கண்டவை

ஓசூரிலிருந்து

எங்கள் ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், மார்கழி, தை மாதங்களில் வெந்நீர் இல்லாமல் விடியற்காலையில் குளிப்பது கடினம். சிப்காட்டில் முதல் ஷிஃப்டுக்குப் புறப்படுபவர்கள் நிறைந்த எங்கள் தெருவில், திறந்தவுடன் சூடாகக் கொட்டுகிறது என்பதற்காகவே பல வீடுகளில் கேஸ் கீசர் வைத்திருக்கிறார்கள். அதைக் குளியலறைக்குள் மாட்டக் கூடாது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

சென்ற குளிர்காலத்தில் பக்கத்து வீட்டு மாடியில் குடியிருந்த இளைஞர் ஒருவர் குளிக்கச் சென்று வெகுநேரமாகியும் வெளியே வரவில்லை. தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்க, கதவைத் தட்டிப் பதில் கிடைக்காத அவருடைய அம்மா எங்களைக் கூப்பிட்டார். தாழ்ப்பாளை உடைத்துத் திறந்தபோது அவர் சுவரோரமாகச் சரிந்து கிடந்தார். கீசர் எரிந்துகொண்டுதான் இருந்தது. அதன் முன்பக்கத் துளை வழியே தெரிந்த தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக ஆடிக்கொண்டிருந்தது, மேல்மூடியைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. குளிருக்காக வென்டிலேட்டரின் கண்ணாடிப் பட்டைகளை மூடிச் செய்தித்தாளும் ஒட்டியிருந்தார்கள். கேஸ் வாடை துளியும் இல்லை.

வாடை இல்லாததுதான் பலரை ஏமாற்றுகிறது. சிலிண்டரில் உள்ள எரிவாயு கசிந்தால் நாற்றம் வரும்படி அதில் மெர்காப்டன் கலந்திருக்கிறார்கள். ஆனால் காற்று போதாமல் அரைகுறையாக எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று தொடங்கி, எழுந்து தாழ்ப்பாளைத் திறக்கவும் கால்களில் வலு இல்லாமல் போய்விடுகிறது.

மருத்துவமனையில் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் நல்ல அளவையே காட்டியது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தை அந்தக் கருவி ஆக்சிஜன் ஏறிய ரத்தமாகவே கணக்கிட்டுவிடும் என்று மருத்துவர் விளக்கினார். கேஸ் கீசர் எரிந்த அறையிலிருந்து தூக்கி வந்தோம் என்று நாங்கள் முதலிலேயே சொல்லியிருந்ததால், அவர் அந்த அளவை நம்பிக் காத்திராமல் முகமூடி வழியாக ஆக்சிஜன் கொடுக்கத் தொடங்கினார். இளைஞர் பிழைத்துக்கொண்டார். இத்தகைய நேரத்தில் வாயைத் திறந்ததும் சொல்ல வேண்டிய செய்தி, கேஸ் கீசர் எரிந்த அறை என்பதுதான்.

ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்காகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு 6 லிட்டர் தரும் கீசர் முழு வேகத்தில் மணிக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான எரிவாயுவை எரிக்கிறது. ஒரு கிலோ முழுமையாக எரிய 12 முதல் 13 கனமீட்டர் காற்று வேண்டும். ஆகவே பத்து நிமிடக் குளியலுக்கு ஏறத்தாழ 2 கனமீட்டர் காற்று செலவாகிறது. 5 அடிக்கு 7 அடியாக, 8 அடி உயரத்தில் கட்டிய குளியலறையின் மொத்தக் கொள்ளளவே 8 கனமீட்டர்தான். நான்கில் ஒரு பங்குக் காற்றைத் தீ எடுத்துக்கொள்ள, மீதியைத்தான் குளிப்பவர் சுவாசிக்கிறார்.

அந்த வீட்டில் இப்போது கீசரை வெளிச்சுவரில் சன்ஷேடுக்குக் கீழே மாட்டி, வெந்நீரை மட்டும் குழாய் வழியாக உள்ளே கொண்டுவந்திருக்கிறார்கள். சிலிண்டரும் வெளியே, சமதரையில் நிமிர்ந்து நிற்கிறது. எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால் பள்ளத்திலோ படிக்கட்டின் அடியிலோ வைத்தால் கசிவு அங்கேயே தேங்கும். தென்பெண்ணைக் கரையில் இருந்த எங்கள் தாத்தா வீட்டு வெந்நீர் அடுப்புக்கும் விறகு தள்ளும் வாய் சுவருக்கு வெளியேதான் இருந்தது.

தருமபுரியிலிருந்து

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு வெளிச்சுவர் எளிதில் கிடைப்பதில்லை என்பதால் எங்கள் அனுபவத்தையும் சேர்க்கிறேன். சமையலறையை ஒட்டிப் பாத்திரம் கழுவும் இடத்தில், புகைக்குழாய் பொருத்தும் வகைக் கீசரை வாங்கி மாட்டினோம். பொருத்த வந்தவர் குழாயை இரண்டு வளைவு வளைத்து, கழிவுநீர்க் குழாய்கள் இறங்கும் சந்துக்குள் விட்டுவிட்டுப் போனார். அந்தச் சந்தில்தான் கீழ்வீட்டுக் குளியலறையின் ஜன்னல் திறக்கிறது. நான் உடனே வேறொருவரை அழைத்து, குழாய் வளைவில்லாமல் மேல்நோக்கி ஏறித் திறந்தவெளியில் முடியுமாறு மாற்றி, நுனியில் மழைத்தொப்பியும் பறவை நுழையாத வலையும் வைக்கச் சொன்னேன்.

அப்படியும் ஒரு கோளாறு இருந்தது. கீசர் எரியும்போது அதன் மேலே புகைக்குழாய் தொடங்கும் இடத்தருகே ஊதுபத்தியைப் பிடித்தால் அதன் புகை உள்ளே இழுபட்டு மேலே போக வேண்டும், போயிற்று. சமையலறைச் சிம்னியைப் போட்டவுடன் அதே புகை திரும்பி என் முகத்துக்கு வந்தது. மூடிய வீட்டிலிருந்து சிம்னி காற்றை உறிஞ்சும்போது, ஈடுகட்டப் புதிய காற்று நுழைய வழி இல்லாவிட்டால், புகைக்குழாய் வழியாகவே வெளிக்காற்று கீழே இறங்கி, எரிந்த வாயுவை வீட்டுக்குள் தள்ளிவிடுகிறது. குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனும் இதே வேலையைச் செய்யும். தரையருகே மூட முடியாத காற்றுத் திறப்பு ஒன்றை வெளிப்பக்கமாக வைத்த பிறகும், கீசரையும் சிம்னியையும் நாங்கள் ஒரே நேரத்தில் இயக்குவதில்லை.

மீண்டும் ஓசூரிலிருந்து

ஊதுபத்திச் சோதனையை இங்கும் செய்து பார்க்கச் சொல்கிறேன். அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாயை நடுவில் வெட்டி, T வடிவ இணைப்பு போட்டுக் கீசருக்கு இழுப்பதையும் இங்கே பார்க்கிறேன். அது வேண்டவே வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள சுரக்ஷா குழாயைத் தனியாகப் போட்டு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கசிவு வாடை வந்தால் அழைக்க வேண்டிய எண் 1906. ஆள் மயங்கிக் கிடந்தால் முதலில் திறந்தவெளிக்குத் தூக்கி வந்துவிட்டு 108ஐ அழைக்க வேண்டும். கேஸ் டிடெக்டர் வைத்திருக்கிறோமே என்று ஒருவர் கேட்டிருந்தார். அது எரிவாயுக் கசிவை மட்டுமே உணரும். கார்பன் மோனாக்சைடுக்கென்று தனி அலாரம் விற்கிறது, கேட்டு வாங்குங்கள்.