மடக்குக்கத்தி அலகு: கார்பன் ஸ்டீலா, ஸ்டெயின்லெஸ்ஸா?

நாணல்:
தினமும் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள ஒரு மடக்குக்கத்தி வாங்கலாம் என்றிருக்கிறேன். அட்டைப்பெட்டி பிரிக்க, கயிறு அறுக்க, பழம் நறுக்க. மரப்பிடி போட்ட பிரெஞ்சு மடக்குக்கத்தி ஓபினெல் 8 பிடித்திருக்கிறது. அது கார்பனிலும் வருகிறது, ஸ்டெயின்லெஸ்ஸிலும் வருகிறது. கார்பனில்தான் கூர் நிற்கும் என்கிறார்கள். எனக்குக் கை நிறைய வியர்க்கும். எதை எடுக்கட்டும்?

தீட்டுகல்:
கை வியர்க்கும் என்றால் ஸ்டெயின்லெஸ்தான். இரண்டையும் வருஷக்கணக்கில் புழங்குகிறேன். கார்பன் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு, இருந்தாலும் உங்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

மடக்குக்கத்தியில் அலகின் பக்கங்களைத் துடைத்துவிடலாம். அலகு சுழலும் ஆணியைச் சுற்றியும், அலகு மடங்கி உட்காரும் பள்ளத்திலும் துணி போகாது. ஈரம் அங்கேதான் தங்கும், துருவும் அங்கேதான் தொடங்கும். இன்னொன்று, கூர் இருக்கும் விளிம்பு மிக மெல்லியது. உப்பு வியர்வை பட்டு ஒரு நாள் கிடந்தாலே, எதையும் வெட்டாமலே கார்பன் கத்தி மழுங்கும்.

கூர் நிற்பது கார்பனா ஸ்டெயின்லெஸ்ஸா என்பதை வைத்து மட்டும் இல்லை. எவ்வளவு சூடேற்றி, எப்படிக் குளிரவைத்துப் பதமேற்றினார்கள் என்பதுதான் பெரிது. பதம் தவறினால் எந்த ஸ்டீலும் வீண்.

கார்பனின் சுகம் தீட்டும்போதுதான் தெரியும். ஓபினெல் போடுவது எக்ஸ்சி90 என்ற கார்பன் ஸ்டீல், அதில் சுமார் 0.9 சதவீதம் கார்பன். கல்லில் தேய்த்தால் விளிம்பில் மடிந்து நிற்கும் மெல்லிய உலோகப் பிசிறு சட்டென எழும், சட்டென உதிரும். ஸ்டெயின்லெஸ்ஸில் அந்தப் பிசிறு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்துகொண்டே இருக்கும், விழாது. கடைசியில் அழுத்தமே கொடுக்காமல் பக்கம் மாற்றி மாற்றி ஒவ்வொரு இழுப்பாக இழுங்கள், விழுந்துவிடும்.

கருக்கல்:
கார்பனை வினிகரில் ஊறவைத்துக் கறுப்பேற்றிவிட்டால் துரு வராதே?

தீட்டுகல்:
குறையும், நிற்காது. புளிப்புப் பழம் நறுக்கினாலே தானாக நீலச்சாம்பல் நிறப் படலம் ஏறும், பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஆனால் உப்பு வியர்வை அந்தப் படலத்தையும் தாண்டிச் செந்துருவைக் கொண்டுவரும்.

மலைப்பாதை:
நடுவழியாக டி2 என்ற ஸ்டீல் எப்படி? துருவைத் தடுக்கும் குரோமியம் அதில் 12 சதவீதம் இருக்கிறதே.

தீட்டுகல்:
ஸ்டெயின்லெஸ் என்று சொல்ல 10.5 சதவீதம் குரோமியம் போதும் என்பது சரிதான். ஆனால் டி2-வில் கார்பன் சுமார் 1.5 சதவீதம். குரோமியத்தில் பெரும்பங்கைக் கார்பன் பிடித்துக் கார்பைடு என்ற கடினத் துகளாக்கிக்கொள்ளும், துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைவு. அட்டை வெட்ட அருமையான ஸ்டீல், நெடுநேரம் கூர் நிற்கும். தீட்டத்தான் பொறுமை வேண்டும், வைரத்தூள் பதித்த தீட்டுக்கல் இருந்தால் நல்லது. வியர்க்கிற கைக்கு வேண்டாம்.

நாணல்:
அப்படியென்றால் ஸ்டெயின்லெஸ் ஓபினெல்தான். எண்ணெய் ஏதாவது போடணுமா?

தீட்டுகல்:
ஆணியில் ஒரு சொட்டு மினரல் ஆயில், உணவில் பட்டாலும் கெடுதல் இல்லாத வகையாகப் பாருங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசினாகி இறுகும். பிடி மரம் என்பதால் தண்ணீரில் ஊறவிடாதீர்கள். மரம் உப்பிக்கொண்டால் கத்தியைத் திறக்கவே வராது.