புதுப்பிப்பு: மாணவர்களின் தொழில் திட்டம் தாளைத் தாண்டி நகர்ந்தது

11-ஆம் வகுப்பு மாணவர்கள் தொழில் திட்டத்தை அழகாக எழுதுகிறார்கள், விற்பனை வரை யாரும் போவதில்லை, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, திட்டம் எழுதும் முன் வாடிக்கையாளரிடம் பேச அனுப்புங்கள் என்ற யோசனைதான். அதிலும் "இதை வாங்குவீர்களா?" என்று கேட்காமல், "கடைசியாக இந்தச் சிக்கல் வந்தபோது என்ன செய்தீர்கள், எவ்வளவு செலவானது?" என்று கேட்கச் சொன்னது அருமையான அறிவுரை. முதல் கேள்விக்கு மரியாதைக்காகவே பலர் ஆமாம் என்றுவிடுவார்கள். புதுப் பை தைத்து விற்க நினைத்த குழு, அப்படிப் பேசிய பிறகு பழைய பைகளுக்கு ஜிப் மாற்றித் தரும் வேலைக்கு மாறியது. முன்பணத்தோடு ஆர்டரும் வந்துவிட்டது.

வாடிக்கையாளர், வருமானம், செலவு என்று தொழிலின் முக்கிய அம்சங்களை ஒரே தாளில் நிரப்பும், 9 கட்டங்கள் கொண்ட பிசினஸ் மாடல் கேன்வாஸும் உதவியது, ஆனால் ஆட்களிடம் பேசிய அப்புறம்தான். முன்பே கொடுத்தால் ஊகங்களால் நிரப்பிவிடுகிறார்கள்.

எதிர்பாராத ஒன்று: விலை போடும்போது யாருமே தங்கள் உழைப்பைச் செலவில் சேர்க்கவில்லை. அதையும் சேர்த்து, நிலையான செலவை (எத்தனை ஆர்டர் வந்தாலும் மாறாத செலவை), ஒரு வேலையின் விலையில் அதற்கான செலவு போக மிஞ்சும் தொகையால் வகுத்துப் பார்த்தபோதுதான், கையைக் கடிக்காமல் இருக்க எத்தனை ஆர்டர் வேண்டும் என்பது பிடிபட்டது. விலையை வெளியே சொல்லும் முன்பே இந்தக் கணக்கைப் போட வையுங்கள்.