மறு: பரம்பரை நோயா, மரபணு நோய்ச்சாய்வா?

அனைவருக்கும் வணக்கம். மரபணுக்களால் ஒரு நோய் வரும் வாய்ப்பு கூடியிருக்கும் நிலையைத் தமிழில் எந்தச் சொல்லால் குறிப்பது என்ற நம் விவாதத்துக்கு என் பதில் இது.

> 'பரம்பரை நோய்' என்றே இருக்கட்டுமே. எல்லாருக்கும் புரிகிற சொல்தானே?

புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸை எடுத்துக்கொள்வோம். உடலின் நோயெதிர்ப்பு செல்களே மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையைத் தாக்குகின்றன. ஒரே மரபணுக்களைக் கொண்ட ஒரு கரு இரட்டையரில் ஒருவருக்கு இது வந்தால், மற்றவருக்கும் வருவது நூற்றுக்கு 25 முதல் 30 வரைதான். இரு கரு இரட்டையரில் 5 அளவுக்கு இறங்கிவிடுகிறது. மரபணுவுக்குப் பங்கு உண்டு, ஆனால் அது மட்டும் போதாது என்று இந்த எண்களே சொல்கின்றன. நோயுள்ள தாயின் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 2, 3 தான். 'பரம்பரை நோய்' என்று படிக்கிற தாய்க்கு அப்படியா தோன்றும்? பிள்ளை பெறுவதா வேண்டாமா என்றே யோசிக்க ஆரம்பித்துவிடுவார். அதனால்தான் இந்தச் சொல்லை இவ்வளவு அழுத்தமாக மறுக்கிறேன்.

சரி, மாற்று என்ன? 'ஏற்புத்தன்மை' என்றால் உடல் விரும்பி ஏற்றுக்கொள்வது போல இருக்கிறது. 'பாதிப்புத்தன்மை' நோய் வந்தபின் ஏற்படும் சேதத்தோடு குழம்பும். 'நோய்வாய்ப்பு' மோசமில்லை, ஆனால் அது மொத்த வாய்ப்பைக் குறிக்கிறது, மரபணுவின் பங்கை மட்டும் பிரித்துக் காட்டாது. என் முன்மொழிவு: மரபணு நோய்ச்சாய்வு.

சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம். ஆறாம் குரோமோசோமில் எச்எல்ஏ மரபணுக்கள் இருக்கின்றன. புரதத் துணுக்குகளை டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்களுக்கு எடுத்துக்காட்டும் மூலக்கூறுகளை உருவாக்குபவை இவை. எந்தத் துணுக்கு எப்படிக் காட்டப்படுகிறது என்பதைப் பொறுத்தே டி செல் தாக்குவதும் விட்டுவிடுவதும். இதில் டிஆர்பி1*15:01 என்ற மாற்றுரு (ஒரு மரபணுவின் வெவ்வேறு வடிவங்களில் ஒன்று) இருந்தால் நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. ஆனாலும் அதைச் சுமப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. 'இந்த மாற்றுரு வலுவான நோய்ச்சாய்வைத் தருகிறது' என்று எழுதினால் இரண்டு உண்மையும் உள்ளே வந்துவிடுகின்றன. அப்புறம், இன்னொரு எச்எல்ஏ மரபணுவின் ஏ*02:01 மாற்றுரு வாய்ப்பைக் குறைக்கிறது. அதற்கு 'எதிர்ச்சாய்வு' எனலாம். 2019இல் வெளியான பெரிய ஆய்வு இந்நோயோடு தொடர்புள்ள இருநூற்றுக்கும் மேற்பட்ட மரபணு இடங்களைப் பட்டியலிட்டது. பெரும்பாலானவை தனித்தனியே மிகச் சிறிய சாய்வுகள். கூட்டவும் குறைக்கவும் இடம் தரும் சொல் இங்கே தேவை.

> சாய்வு இருந்தால் விழத்தானே வேண்டும்?

நல்ல கேள்வி, ஆனால் விழ வேண்டியதில்லை. தள்ள வேறொன்று வேண்டும். 2022இல் அமெரிக்கப் படைவீரர்களின் ரத்த மாதிரிகளை வைத்துச் செய்த ஆய்வில், எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றுக்குப் பின் இந்நோயின் வாய்ப்பு 32 மடங்கு கூடியது தெரிந்தது. அந்த வைரஸோ உலகில் வயதுவந்தோரில் பெரும்பாலோரிடம் இருப்பது. சாய்வும் தூண்டலும் சேர வேண்டும். புகைபிடித்தல், வைட்டமின் டி குறைவு ஆகியவையும் இந்தக் கணக்கில் வரும். ஆகவே 'தூண்டுகாரணி' என்பதையும் இதன் இணைச்சொல்லாகப் பதிவுசெய்யலாம்.

கணிதத்திலும் 'சாய்வு' உண்டு என்ற ஆட்சேபம் நியாயமானது. 'நோய்' என்ற முன்னொட்டு இருப்பதால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

வரையறை இப்படி இருக்கலாம்: 'ஒருவரது மரபணு மாற்றுருக்களால் குறிப்பிட்ட நோய் வரும் வாய்ப்பு கூடியிருக்கும் நிலை, நோய் இருப்பதையோ வரப்போவதையோ இது குறிக்காது.' இரண்டாம் பகுதியை மட்டும் யாரும் வெட்டிவிடாதீர்கள்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. நோய் வந்தபின் அது எவ்வளவு வேகமாக முற்றுகிறது என்பதோடு தொடர்புள்ள மரபணு மாற்றம் 2023இல் தெரியவந்தது. அது நோய்ச்சாய்வு ஆகாது. 'முற்றுவேகச் சாய்வு' என்று எழுதிப் பார்த்தேன், நாக்கில் உட்காரவில்லை. யாரிடமாவது இதைவிடச் சுருக்கமான சொல் இருந்தால் அனுப்புங்கள்.