மத்தேயு 18:34: மன்னித்த கடன் திரும்பி வருமா?

வாலிபர் வேதபாடத்துக்கு, வரும் ஞாயிறு, 40 நிமிடம். தலைப்பு: தேவனுடைய நிபந்தனையற்ற அன்பு. லூக்கா 15-இல், வீட்டை விட்டுப் போய்த் திரும்பிவந்த இளைய குமாரனின் உவமையில், சிக்கலே இல்லை. 19-ஆம் வசனத்தில் இளையவன் யோசித்துவைத்த "கூலிக்காரரில் ஒருவனாக" என்ற வரி 21-இல் வராது; அதற்குள் தகப்பன் வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார்.

மாட்டிக்கொண்டது மத்தேயு 18-இல். 27-இல் ராஜா ஓர் ஊழியக்காரன் பட்ட 10,000 தாலந்து கடனை மன்னிக்கிறான். அவன் தன் உடன்வேலைக்காரனின் சிறு கடனை மன்னிக்காததால், 34-இல் அதே ஆளை உபாதிக்கிறவர்களிடம் (சித்திரவதை செய்பவர்களிடம்) ஒப்புக்கொடுக்கிறான்.

இதுவரை பார்த்தவை:

தொகைக் கணக்கு. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம், ஒரு பணம் ஒரு நாள் கூலி (20:2). 10,000 தாலந்து என்றால் 6 கோடி நாள் கூலி. இவன் உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடித்தது வெறும் 100 பணத்துக்கு. வகுப்பில் நன்றாக எடுபடும், ஆனால் 34 அப்படியே நிற்கிறது.

"பொறுமையாயிரும், கொடுத்துத் தீர்க்கிறேன்" (26) என்று தவணைதான் கேட்டான், மன்னிப்பை அவன் ஏற்கவே இல்லை என்ற விளக்கம். எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் 32-இல் ராஜாவே "மன்னித்துவிட்டேன்" என்கிறான்.

உவமையின் எல்லா விவரமும் தேவனைக் குறிக்காது என்று நழுவலாம். 35 விடாது: "என் பரமபிதாவும் உங்களுக்கு இப்படியே செய்வார்."

34-ஐ லூக்கா 15-இன் தகப்பனோடு முரணாகாமல் வகுப்பில் எப்படி விளக்குவீர்கள்?